கடனைச் சொல்லுங்கள், கொடையை மறையுங்கள்: மதுரைச் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் தெரு வீட்டு ஜெபத்தில் விண்ணப்பம் கேட்கும் நேரம் ஒன்று உண்டு. ஒருவர் மகளின் பரீட்சைக்காகக் கேட்பார், ஒருவர் முழங்கால் வலிக்காக, இன்னொருவர் துபாயில் இருக்கும் மகனுக்காக. கடைசியில் ஒரு அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "சொல்ல முடியாத ஒரு காரியம் இருக்கு, ஜெபிச்சுக்கோங்க" என்பார். புதிதாக வந்தவர்களுக்கு அது ஏதோ பெரிய ஆவிக்குரிய போராட்டம் போலத் தோன்றும். பழகியவர்களுக்குத் தெரியும், அது பெரும்பாலும் வட்டிதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வருஷம் அந்த வாக்கியத்தைச் சொன்னவள் நானே. அந்தக் கதை பின்னால் வருகிறது.

கடனை இப்படி மூடி மறைக்கிற நாங்கள், கோவிலுக்கு (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் அதன் மேல் "உபயம்" என்று எழுதி, வெளிச்சம் பாதி பெயர் பாதியாக மாட்டிவிடுகிறோம். தேர்தல் வந்தால் "எங்க தெருவுக்கு இன்னும் வரல" என்று ஓட்டுப் பணத்தைப் பற்றி டீக்கடையில் சத்தமாகவே பேசுகிறோம். விலைவாசியும் அரசியல் சூடும் சேர்ந்து அடிக்கிற காலத்தில் விசுவாசத்தோடு வாழ்வது எப்படி என்று புதியவர்கள் கேட்கும்போது நான் சொல்வது, இந்த மூன்றையும் திருப்பிப் போடுங்கள் என்பதுதான். கடனை வெளியே சொல்லுங்கள். கொடையை மறையுங்கள். உங்கள் வாக்கை விற்காமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், பெயரைப் பதியுங்கள்

வேலைக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ உசிலம்பட்டி, கமுதி, சாத்தூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் சபை சுற்றிப் பார்க்கிறார்கள். ஒரு வாரம் நரிமேடு கதீட்ரல், ஒரு வாரம் பைபாஸ் ரோட்டில் பாட்டு நன்றாக இருக்கிற ஒரு சபை, ஒரு வாரம் வீட்டிலேயே யூடியூப். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் வேலை போன அன்றைக்கு உங்கள் வீடு எது என்று தெரிந்த ஆள் ஒருவரும் இருக்க மாட்டார்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் பழைய ஆயரிடம், அதாவது போதகரிடம், கடிதம் வாங்கி வந்து இங்கே கொடுங்கள். சந்தா எவ்வளவு என்று கேளுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று ஆயரிடமே சொல்லலாம். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு நிற்கும் நாளில்தான் பலர் சந்தா நோட்டைத் தேடுகிறார்கள். கத்தோலிக்கர் என்றால் பங்கு அலுவலகத்தில் குடும்பத்தைப் பதிந்துவிட்டு, உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சின்னக் குழு) வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற சபைகளில் இத்தனை காகிதம் இருக்காது. பாஸ்டரிடம் பேசினால் போதும்.

அதற்கப்புறம் ஞாயிறு ஆராதனையைவிட முக்கியமானது வாரநாள் வீட்டு ஜெபமோ அன்பியக் கூட்டமோதான். ஐநூறு பேர் இருக்கும் கோவிலில் நீங்கள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்காரும் வீட்டில் தெரியும்.

இரண்டாவது, கடன்

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

2020 மார்ச் ஊரடங்கில் என் வீட்டுக்காரரின் லேத் பட்டறை மூடியது. கோவில்களும் மூடியிருந்தன. மூன்றாம் மாதம் வாடகைக்காகப் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினோம். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 9,000தான் கையில் வந்தது. மாதம் ஆயிரம் கட்டினால் பத்தாவது மாதத்தில் வாங்கியதற்கு மேல் கட்டியிருப்போம், அசல் அப்படியே நிற்கும். அந்த ஆயிரத்தைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினோம். பட்டறை திறந்த பிறகும் அது ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு பாடகர் குழுவில் நின்றேன். காணிக்கைத் தட்டு வரும்போது உள்ளங்கையில் வியர்க்கும்.

கடைசியில் சொன்னது எப்படி? வட்டிக்காரர் வாசலில் வந்து கத்தினார், அதே நேரத்தில் ஆயர் வீட்டம்மா ஏதோ கேட்க வந்திருந்தார். அவ்வளவுதான். என் தைரியம் ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேர் வந்து உட்கார்ந்து, "எத்தன எடத்துல வாங்கியிருக்க, எழுதும்மா" என்றார்கள். யாரும் பிரசங்கம் செய்யவில்லை. அதில் ஒருவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அன்றைக்கு நாங்கள் செய்ததைத்தான் இப்போது மற்றவர்களுக்கும் செய்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம், எவ்வளவு, எத்தனை வட்டி, எதை ஈடாகக் கொடுத்தீர்கள் என்று நாலு பத்தி போடுங்கள். தண்டல்காரர், வாரக் குழு, நகைக்கடன், ஏலச்சீட்டு பாக்கி, மளிகைக் கடை, திருப்பிச் செய்ய வேண்டிய மொய் எல்லாம் வர வேண்டும். மொய்யைப் பலர் விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதுவும் கடன்தான், நோட்டுப் போட்டுத்தானே எழுதுகிறோம்.

பிறகு வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். நகை ஏதாவது மிச்சமிருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து அந்தப் பத்து வட்டியை மூடுங்கள். நகை போகிறதே என்று அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன்.

வெற்றுச் செக், கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டு, இவற்றில் ஒன்றையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் என்ன கொடுத்தோம், எந்த நாள் கொடுத்தோம் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். கந்துவட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, அங்கேயும் மனுக் கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100க்கு அழையுங்கள், அது இலவசச் சட்ட உதவிக்கான எண். தனியாகப் போகாதீர்கள், சபையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாரக் குழுக் கடன் வேறு மாதிரி. அது பதிவு பெற்ற நிறுவனம் கொடுப்பது. ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதிப்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. ஒரு குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் வசூல்காரருக்கு இந்த விதி தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

இதில் விசுவாசம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வேதாகமத்தில் நெகேமியா 5ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்த ஜனங்கள் வந்து கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா அவர்களிடம் பொறுமையாயிருங்கள் என்று சொல்லவில்லை. பெரியவர்களைக் கூட்டி, வட்டியை விடுங்கள், நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கடன் வாங்கினவன் தன் கஷ்டத்தை வெளியே சொன்ன பிறகுதான் அது நடந்தது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: வட்டிக்கு விடுகிறவர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள், சிலர் முன் வரிசையில் இருக்கிறார்கள். அந்த அதிகாரம் அவர்களுக்கும் சேர்த்து வாசிக்கப்பட வேண்டியது.

கடனில் இருக்கும்போது, "விதையை விதை, நூறு மடங்காய் வரும்" என்று யாராவது காணிக்கை கேட்டால் கொடுக்காதீர்கள். அதிலும் வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். இதைச் சொன்னதற்காக என்னை அவிசுவாசி என்றவர்கள் உண்டு. சரி, இருக்கட்டும்.

மூன்றாவது, ஒரு பிடி

நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அரிசிக் கணக்கு எழுதுகிறேன். பிடி அரிசி என்றால் பழைய சபைக்காரர்களுக்குத் தெரியும். உலை வைக்கும்போது, பானைக்குள் போகிற அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. மாதம் ஒரு தரம் அதைக் கோவிலுக்குக் கொண்டுவருவது. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தாலும், இரண்டு வேளைக்கு 100 கிராம், மாதம் 3 கிலோ. இருபது வீடு சேர்ந்தால் 60 கிலோ. மிச்சத்திலிருந்து எடுப்பதில்லை, சமைக்கும் முன்னாலேயே எடுப்பது. அதுதான் இதில் விசேஷம்.

ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று இளம்பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கஷ்டப்படுகிற வீட்டில் இப்போது குறைவது எண்ணெய், பருப்பு, சிலிண்டர், பிள்ளையின் பஸ் காசு. அதனால் நாங்கள் டப்பாவை அரிசியோடு நிறுத்தவில்லை. முடிந்தவர்கள் அரைக் கிலோ துவரம்பருப்போ ஒரு பாக்கெட் எண்ணெயோ போடுகிறார்கள்.

கொடுப்பதற்கு எங்களிடம் சில வழக்கங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் கொடுப்பதில்லை, சனிக்கிழமை இருட்டின பிறகு வீட்டுக்கே போகும். யாருக்குப் போகிறது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். போட்டோ கிடையாது. "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற வசனத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பவர்கள், பையைக் கொடுக்கும்போது போனைச் சட்டைப் பையில் வைத்தால் போதும்.

பை நம் சபைக்காரருக்கு மட்டும் போகாது. எங்கள் பட்டியலில் பாதி வீடுகளில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பைக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள். வாசலில் நின்று ஜெபிக்கவா என்று கேட்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் அது வேறு. கஞ்சிக்கு மதம் மாறினவர்கள் என்ற பேச்சைப் பஞ்சக் காலத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. மனசாட்சிப்படி மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமையை அரிசிப் பையில் வைத்துக் கொடுக்கிற அவசியம் நமக்கு இல்லை. சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. பசித்தவனிடம் ஒரு கையால் கொடுத்து மறுகையால் எதையாவது கேட்பது அசிங்கம், அவ்வளவுதான்.

அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களின் பரட்டை அண்ணன், "ஒரு உலை" என்பதை வலியுறுத்தி வந்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதுதான் சாதிக்கும் வறுமைக்கும் சேர்த்துப் பதில் என்பது அவர் எண்ணம். கர்த்தருடைய ஜெபத்தைக் கவனித்துச் சொல்லிப் பாருங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று ஒரே வரியில் இரண்டு தடவை "எங்களுக்கு" வருகிறது. எந்த வீட்டாரையெல்லாம் அந்தச் சொல்லுக்குள் சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி. 1840களில் இங்கே அமெரிக்க மிஷனில் ஊழியர்கள் சாதி விட்டுச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்தியபோது, வேலையே போனாலும் உட்கார மாட்டோம் என்றவர்கள் இருந்தார்கள். இன்றைக்குச் சபையார் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்தில் எல்லாரும் உட்காருகிறோம். யார் பக்கத்தில் யார் என்று மட்டும் கவனியுங்கள்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவது, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் கேட்டு முடியுங்கள். வங்கிக் கணக்கையும் தொடங்குங்கள், மகளிர் உரிமைத் தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்றும் விசாரியுங்கள். டாம்கோ என்கிற சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் தொழில் கடன் பற்றி, ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரியுங்கள். அரசு கொடுப்பதை வாங்குவது விசுவாசக் குறைவு இல்லை. நாம் கட்டும் வரிதான் அது.

சாதிச் சான்று மட்டும் புண்ணான விஷயம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தலித் கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சேரியில் அதே தெரு, அதே அவமானம், சான்றிதழ் மட்டும் வேறு. புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, பிள்ளைகள் படிப்பு, வேலை எல்லாவற்றையும் யோசித்து முடிவெடுக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துகிற போதகர் இதை உங்களிடம் விளக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். சபையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாருடைய சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று கிண்டாதீர்கள்.

தேர்தல் வரும்போது

மதுரைக்கு இதில் ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. 2009 ஜனவரியில் இந்த மாவட்டத்துத் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் "திருமங்கலம் ஃபார்முலா" என்ற சொல் நாடெங்கும் பரவியது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். "வாங்கிக்குவோம், ஆனா மனசாட்சிப்படி போடுவோம்" என்று எங்கள் ஜெபக் குழுவிலேயே ஒருவர் சொன்னார். அதே மனசாட்சி வாங்கும்போது எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அந்த மாதம் அவர் என்னோடு பேசவில்லை. வட்டி கட்ட வழியில்லாத வீட்டில் அந்தக் கவர் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் கடன் பேச்சை முதலில் வைத்தேன்.

பிரசங்க பீடத்திலிருந்து இந்தச் சின்னத்துக்குப் போடுங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. மத நிறுவன வளாகங்களை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வேட்பாளர் கோவிலுக்கு வந்தால் பெஞ்சில் இடம் கொடுங்கள், மைக் கொடுக்காதீர்கள்.

எல்லாக் கட்சிக்காரரும் சபையில் இருக்கிறார்கள். ஜெபத்தில் அதிகாரத்தில் இருக்கிறவர்களைப் பதவியைச் சொல்லி ஜெபியுங்கள்: பிரதமர், முதலமைச்சர், ஆட்சியர், எங்கள் வார்டு கவுன்சிலர். பெயர் சொல்லத் தொடங்கினால் ஜெபம் மேடைப் பேச்சாகிவிடும். தவறு செய்கிற அரசைத் தட்டிக் கேட்பதும் இந்த ஜெபத்துக்கு விரோதம் இல்லை. "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்ற பேதுருவும் சிறையைப் பார்த்தவர்தான்.

எங்கோ ஒரு சபை தாக்கப்பட்டதாக வீடியோ வந்தால் அன்றைக்கே அனுப்பாதீர்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரிகிறதா பாருங்கள். பழைய வீடியோ ஒன்று எங்கள் குழுவில் நாலு தடவை புதிதாக வந்திருக்கிறது. நிஜமாக இருந்தாலும், பயத்தை அனுப்புவதைவிட அங்கே தெரிந்தவர் ஒருவருக்குப் போன் செய்து விசாரிப்பது நல்லது.

யாராவது வந்து தடுத்தால்

வீட்டு ஜெபம் நடத்துகிறவர்கள் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பைக்குகளை அடுத்தவர் வாசலில் நிறுத்தாதீர்கள். நாலு சுவருக்குள் பன்னிரண்டு பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு? இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி வைக்க எந்த மதத்துக்கும் அனுமதி இல்லை. பாதிச் சண்டை இதிலேயே அடங்கிவிடும்.

அடங்காமல் ஆட்கள் வந்து மிரட்டினால், வாசலில் நின்று வசனம் சொல்லி வாதாடாதீர்கள். பெரியவர் ஒருவர் மட்டும் பேசட்டும், இன்னொருவர் நேரத்தையும் நடந்ததையும் எழுதட்டும். பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். பிறகு எழுத்தில் புகார், ஆயருக்குத் தகவல், தேவைப்பட்டால் மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு மனு. உங்களுக்காக முதலில் பேச வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார், அவர் எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி. எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது. வந்தவர்களிடம் "இவங்க சத்தமே வராதுப்பா" என்று சொன்னவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் எங்கள் வாலிபர் சங்கப் பையன்கள் தெருமுனையில் நீர்மோர் கொடுக்கிறார்கள். பேனர் வைக்கலாமா என்று முதல் வருஷம் கேட்டார்கள். மோருக்கு எதற்கு பேனர் என்றோம். சபைப் பெயர் போட்ட டம்ளர் வேண்டும் என்று ஒருவன் விடாமல் கேட்டான், அதையும் விட்டுவிட்டோம்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. கோவில் திண்ணையில் இருக்கும் பிடி அரிசி டப்பாவின் மூடி தொலைந்து இரண்டு மாதமாகிறது. இப்போதைக்கு ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து மூடியிருக்கிறோம், எலி தள்ளிவிடுகிறது. மூடி வாங்கித் தருகிறவர்கள் அதில் பெயர் எழுதாமல் தரவும்.